அறுபதைக் கடந்தவர்களின் கார் பாலிசியில் பணம் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் வைத்திருக்கும் மூத்த குடிமக்களிடம் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: "எழுபது வயசாயிடுச்சு, இன்சூரன்ஸ் கூட்டிடுவாங்களாமே, சீனியர் சிட்டிசன் தள்ளுபடி ஏதாவது இருக்கா?" பெரும்பாலும் அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ இருக்கும் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்த கேள்வி இது. அந்த நாடுகளில் பெரும்பாலும் ஓட்டுபவரின் வயதையும் பார்த்துத்தான் கட்டணம் போடுவார்கள். நம் நாட்டில் பாலிசி வண்டியை ஒட்டியே போடப்படுகிறது. செல்லுபடியாகும் உரிமம் உள்ள யார் ஓட்டினாலும் அது பொருந்தும். மகன் பெயரையோ மருமகள் பெயரையோ தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. ஆகவே கிடைக்காத தள்ளுபடியைத் தேடி அலைவதை விட்டு, கையில் இருக்கும் பாலிசியைப் பிரித்துப் பார்ப்பதே லாபம்.

பிரித்தால் இரண்டு பாதி. ஒன்று மூன்றாம் நபர் காப்பீடு, பேச்சு வழக்கில் தேர்ட் பார்ட்டி; நம் காரால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கானது. இதன் கட்டணம் அரசு அறிவிப்பது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, தனியார் காருக்கு 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் இதில் வித்தியாசம் வராது. "எங்களிடம் தேர்ட் பார்ட்டி மலிவு" என்று எவராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படலாம். இதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு வரி நீக்கப்பட்டதைப் படித்துவிட்டு, கார் பாலிசிக்கு மட்டும் ஏன் வரி போட்டீர்கள் என்று ஏஜென்ட்டிடம் சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த விலக்கு வாகனக் காப்பீட்டுக்கு வரவில்லை.

மற்ற பாதி ஓன் டேமேஜ், அதாவது நம் காருக்கு வரும் சேதத்துக்கானது. நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறுவதும், மிச்சம் பிடிக்க இடமிருப்பதும் இங்கேதான். ஏமாறுவதும் இங்கேதான்.

முதல் ஏமாற்று ஐடிவி, அதாவது பாலிசியில் காருக்குக் குறிக்கப்படும் மதிப்பு. கார் திருடுபோனாலோ, பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டி முழு இழப்பு என்று தீர்மானமானாலோ, நமக்குக் கிடைக்கும் தொகைக்கு அதுவே அடிப்படை. ஐந்து வயதைத் தாண்டிய காருக்கு இதைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். இதைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் குறைந்து தெரியும். ஒரு கணக்கு போடுவோம். ஐடிவி 3 லட்சம், ஓன் டேமேஜ் பிரீமியம் 4,000 ரூபாய், நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி) 50 சதவீதம் போக 2,000 என்று வைத்துக்கொள்வோம். ஐடிவியை 2.4 லட்சமாக இறக்கினால் மிச்சமாவது ஏறத்தாழ 400 ரூபாய். கார் வெள்ளத்தில் போனால் இழப்பது 60,000 ரூபாய். எனவே இரண்டு கொட்டேஷனை ஒப்பிடும்போது கீழே உள்ள மொத்தத்தைப் பார்ப்பதற்கு முன் ஐடிவி, ஆட்-ஆன் (கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் பாதுகாப்பு), க்ளெய்மில் நாம் ஏற்கும் தொகை மூன்றும் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருத்தி அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது நோ க்ளெய்ம் போனஸ். நிதானமாக, எச்சரிக்கையாக ஓட்டும் பெரியவர்களிடம் இருக்கும் பெரிய சொத்து இது. தொடர்ந்து க்ளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரே ஒரு க்ளெய்ம் செய்தால் அடுத்த ஆண்டு பூஜ்யத்துக்கு இறங்கும். மூத்த ஓட்டுநர்களின் க்ளெய்ம்களில் பெரும் விபத்து குறைவு. ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் உரசியது, பார்க்கிங்கில் பம்பர் பிளந்தது, கண்ணாடி மடங்கி உடைந்தது என்பவைதான் அதிகம். ஒர்க்‌ஷாப்பில் "இன்சூரன்ஸ்ல போட்டுடலாம் சார்" என்று சொன்னதும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அங்கே ஐந்து நிமிடம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும்.

பின்பக்க பம்பர் 5,000, பெயிண்ட் 3,500, கூலி 1,500, ஆக மொத்தம் 10,000 ரூபாய் பில் என்று கொள்வோம். பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம் என்பதால் பம்பரில் 2,500 கழியும். பெயிண்ட் பில்லில் கால் பங்கு பொருள் விலை என்று எடுத்து அதில் பாதி கழிப்பார்கள். அது சுமார் 437 ரூபாய். 1,500 சிசி வரையுள்ள காருக்கு ஒவ்வொரு க்ளெய்முக்கும் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டியது 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்ட காருக்கு 2,000. மிச்சம் கைக்கு வருவது 6,060 ரூபாய் சொச்சம்.

இப்போது போவதைப் பார்ப்போம். மேலே சொன்ன 4,000 ரூபாய் பிரீமியத்தில் 50 சதவீத போனஸ் இருந்தவர், க்ளெய்முக்கு அடுத்த ஆண்டு முழு 4,000 கட்ட வேண்டும், கூடுதல் 2,000. அதற்கடுத்த ஆண்டு 3,200, பிறகு 3,000, பிறகு 2,600, பிறகு 2,200. பழைய 2,000 ரூபாய்க்கு வந்து சேர்வதற்குள் ஐந்து ஆண்டுகளில் கூடுதலாகப் போவது 5,000 ரூபாய், ஜிஎஸ்டியோடு 5,900. ஆக இந்த க்ளெய்மில் மிஞ்சியது நூற்று அறுபது ரூபாயும் அலைச்சலும். ஆண்டுதோறும் ஐடிவி இறங்குவதால் இழப்பு இதைவிடச் சற்றுக் குறையலாம் என்பது உண்மைதான். ஆனாலும் 50 சதவீதத்தில் இருப்பவர் இதுபோன்ற உரசல்களுக்குக் கைக்காசு போட்டுச் சரிசெய்வதே மேல். க்ளெய்ம் என்பது பெரிய அடிக்கு வைத்துக்கொள்ள வேண்டியது.

போனஸ் பற்றி இன்னும் சில. அது காருக்கு அல்ல, உரிமையாளருக்குச் சொந்தம். பழைய காரை விற்றுச் சிறிய ஆட்டோமேட்டிக் கார் வாங்குகிறவர்கள் இப்போது நிறைய. விற்கும்போது பழைய நிறுவனத்திடம் போனஸ் சான்றுக் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். மூன்று ஆண்டுகள் வரை புதிய காருக்குப் பயன்படுத்தலாம். பலர் அதைக் கேட்பதே இல்லை. காரை வாங்கியவருக்கும் அது போய்ச் சேர்வதில்லை. பாலிசி முடிந்து 90 நாட்களுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டாலும் போய்விடும். மகன் வீட்டுக்கு ஆறு மாதம் போய்த் தங்கி வருபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். ஊருக்குக் கிளம்பும் முன்பே புதுப்பித்துவிட்டுப் போகலாம். க்ளெய்ம் செய்துவிட்டு, நிறுவனம் மாறும்போது "க்ளெய்ம் இல்லை" என்று டிக் அடித்தால், புதிய நிறுவனம் பழையதிடம் விசாரித்துவிடும். பிறகு உண்மையான விபத்தின்போது சேதத் தொகைக்கே வேட்டு. ஏஜென்ட் அடித்த டிக் என்று சொல்லித் தப்ப முடியாது, கையெழுத்து உங்களுடையது.

ஒவ்வொரு க்ளெய்மிலும் கட்டாயத் தொகைக்கு மேல் கூடுதல் தொகையைத் தாமாக முன்வந்து ஏற்றுக்கொண்டால் தள்ளுபடி உண்டு. பழைய மோட்டார் கட்டண அட்டவணையில் உள்ள விகிதத்தையே பல நிறுவனங்கள் இன்றும் பின்பற்றுகின்றன: 2,500 ரூபாய் ஏற்றால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதம், அதிகபட்சம் 750, 5,000 ஏற்றால் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தத் தள்ளுபடி கழித்த பிறகுதான் போனஸ் கணக்கிடுவார்கள். நம் உதாரணத்தில் 4,000க்கு 25 சதவீதம் 1,000 போய் 3,000. அதில் போனஸ் பாதி போக 1,500. முன்பு கட்டியது 2,000. ஆகவே 5,000 ரூபாய் சுமையை ஏற்பதற்குக் கிடைத்த கூலி 500 ரூபாய்தான். போனஸ் குறைவாக இருக்கும் ஆரம்ப ஆண்டுகளிலும் விலை கூடிய கார்களிலும் இது கட்டுப்படியாகும். 50 சதவீதத்தில் இருப்பவருக்கு எங்கள் யோசனை, வேண்டாம்.

ஓட்டும் தூரத்துக்கேற்பக் கட்டணம் என்ற வசதியைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2022 ஜூலையில் அனுமதித்தது. கோயில், மருத்துவமனை, காய்கறிக் கடை, எப்போதாவது ஒரு வெளியூர் என்று மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றது. 2,500, 5,000, 7,500 கிலோமீட்டர் போன்ற வரம்புகளில் கிடைக்கும். எவ்வளவு ஓட்டுகிறோம் என்று மனக்கணக்குப் போடாதீர்கள், அது எப்போதும் குறைவாகத்தான் வரும். கடைசி இரண்டு சர்வீஸ் பில்களை எடுங்கள்; இரண்டிலும் ஓடோமீட்டர் எண் இருக்கும். வித்தியாசத்தை இடைப்பட்ட மாதங்களால் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுத் தூரம். அது வரம்பை ஒட்டி வந்தால் அடுத்த படியை எடுங்கள். வரம்பைத் தாண்டி ஓடும்போது விபத்து நடந்தால் சேதத் தொகை என்ன ஆகும், இடையில் கிலோமீட்டர் கூட்டிக்கொள்ளலாமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறு.

ஆட்-ஆன்களில் பெரியவர்களுக்குத் தேவையானவை சிலவே. பேட்டரி இறங்கினால், டயர் பஞ்சரானால் வந்து பார்க்கும் சாலையோர உதவி மலிவு. தனியாக ஓட்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். தேய்மானம் கழிக்காத ஸீரோ டெப், பெரும்பாலும் ஐந்து வயது வரையுள்ள கார்களுக்குக் கிடைக்கும். புதுக் காருக்கும் போனஸ் சேராத ஆண்டுகளுக்கும் அது சரி. போனஸ் 50 சதவீதத்தைத் தொட்டபின் அதைவிட, க்ளெய்ம் செய்தாலும் போனஸ் இறங்காமல் காக்கும் போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் பயன் தரும். ஆனால் நிறுவனம் மாறினால் அந்தப் பாதுகாப்பு செல்லுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் தேங்கும் தெருவில் வீடு என்றால் என்ஜின் பாதுகாப்பு. மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்ப்பதால் என்ஜினுக்குள் தண்ணீர் ஏறிக் கெடுவதைச் சாதாரண பாலிசி ஏற்காது. சென்னையில் 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் கார் வைத்திருந்த பலருக்கு இது தெரிந்த பாடம். தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்பாமல் டோ செய்து எடுத்துப் போக வேண்டும். சாவி தொலைந்தால் பணம், பெட்டி தொலைந்தால் பணம் என்பவற்றையெல்லாம் தாராளமாக நீக்கிவிடலாம்.

பத்து வயதைத் தாண்டிய காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ், அதாவது மேலே சொன்ன இரண்டு பாதியும் வேண்டுமா? உலோக பாகங்களுக்கே 50 சதவீதம் தேய்மானம் கழியும் வயது அது. சிறு பழுதுக்குப் பாதிதான் வரும். திருட்டு, தீ, வெள்ளம், முழு இழப்பு ஆகியவற்றுக்கான பாதுகாப்பாகவே அதைப் பார்க்க வேண்டும். கார் முழுவதும் போனாலும் வீட்டு வரவு செலவு ஆடாது என்றால் தேர்ட் பார்ட்டி மட்டும் போதும். ஆனால் தேர்ட் பார்ட்டியில் கை வைக்காதீர்கள். பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கான 7.5 லட்சம் வரம்பை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால் நூறு ரூபாய் மிச்சம் என்று விண்ணப்பத்தில் டிக் அடிக்க ஒரு கட்டம் இருக்கும். இன்றைக்கு இன்னொருவர் காரின் ஹெட்லைட் கூட 6,000 ரூபாய்க்குள் அடங்காது.

வீணாகும் பணம் என்றால் உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீட்டைச் சொல்ல வேண்டும். 15 லட்சம் ரூபாய்க்கு இது கட்டாயம். ஆனால் ஒருவருக்கு ஒன்று போதும். ஸ்கூட்டருக்கு ஒன்று, காருக்கு ஒன்று என்று இரண்டு முறை கட்டுகிறார்கள். 2019 ஜனவரி முதல் இதைத் தனி பாலிசியாகவும் எடுக்கலாம். 15 லட்சத்துக்குக் குறையாத வேறு விபத்துக் காப்பீடு ஏற்கெனவே இருந்தால் அதைக் குறிப்பிட்டு விலக்கு கேட்கலாம். வண்டி ஓட்டுவதை நிறுத்தி உரிமத்தையும் புதுப்பிக்காத உரிமையாளருக்கு இது தேவையே இல்லை. உரிமம் இல்லாதவருக்கு அந்தப் பணம் வரவும் வராது. இது மருத்துவச் செலவுக்கான பாலிசியும் அல்ல. உயிரிழப்பு, உறுப்பிழப்பு, நிரந்தர முடக்கம் ஆகியவற்றுக்கு மட்டுமே.

அந்த மிச்சத்தில் சம்பள ஓட்டுநருக்கான காப்பீட்டுக்கு 50 ரூபாய் கட்டுங்கள். மாதச் சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்திருப்பவர்களும், வெளியூருக்கு ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுபவர்களும், பாலிசியில் "பெய்ட் டிரைவர்" பொறுப்பு என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டுநரின் உரிமத்தையும் ஒருமுறை வாங்கி முடிவு தேதியைப் பாருங்கள்.

உரிமம் என்றதும் எங்களுக்கு அதிகக் கவலை தருவது வீட்டுப் பெரியவரின் உரிமம்தான். 50 முதல் 55 வயதுக்குள் எடுத்த உரிமம் 60 வயதோடு முடியும். 55க்கு மேல் புதுப்பித்தால் ஐந்தைந்து ஆண்டுகள்தான். அட்டையைப் பர்ஸில் வைத்துவிட்டு மறந்துபோகிற இடைவெளி அது. காலாவதியான பிறகும் 30 நாள் செல்லும் என்ற பழைய சலுகை 2019 சட்டத் திருத்தத்தில் எடுக்கப்பட்டுவிட்டது. முடிந்து ஓராண்டுக்குள் தேர்வில்லாமல் புதுப்பிக்கலாம் என்பதைப் பலர், ஓராண்டு வரை ஓட்டலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இடைக்காலத்தில் விபத்து நடந்தால் காருக்கான க்ளெய்ம் மறுக்கப்படும். அடிபட்டவருக்கு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்தாலும், அதைக் கார் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் வழிவிடுகின்றன. அது லட்சக்கணக்கில் போகும் தொகை. அதற்கு ஓய்வூதியம் தாங்காது.

முடிவு தேதிக்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்று வேண்டும். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் உள்ள காரின் நம்பர் பிளேட்டைக் கண்ணாடி அணிந்தோ அணியாமலோ படிக்க முடிகிறதா என்பது அதில் ஒரு கேள்வி. தெரு முனையில் நின்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். முடியவில்லை என்றால் முதலில் போக வேண்டிய இடம் கண் மருத்துவமனை. புரை எடுத்த பிறகு சான்று வாங்குவதுதான் முறை. பார்க்காமலே கையெழுத்துப் போட்டுத் தரும் மருத்துவரைத் தேடிப் போகாதீர்கள்.

இன்னொன்று, பேசத் தயங்கும் விஷயம். காரின் ஆர்சி கணவர் பெயரில். அவர் காலமாகி ஆண்டுகள் ஆகியும் அதே பெயரில் ஆன்லைனில் பிரீமியம் கட்டிக்கொண்டே வருகிறார்கள். பணம் ஏறிவிடும், பாலிசி அச்சாகிவிடும், சிக்கல் க்ளெய்மில்தான் தெரியும். உரிமையாளர் இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், எது முந்தியதோ அதுவரைதான் அந்தப் பாலிசி செல்லும். அதற்குள் வாரிசு, இறப்புச் சான்றிதழுடன் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து ஆர்சியை மாற்ற வேண்டும். ஆர்சியிலேயே நாமினி பதிவு செய்யும் வசதி 2021 முதல் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே செய்துவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கு அலைச்சல் குறையும். பாலிசியில் உள்ள நாமினி பெயரையும் பாருங்கள். காலமான மனைவியின் பெயர் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும் பாலிசிகள் ஏராளம்.

கூடவே கைபேசி எண். பல பெரியவர்களின் பாலிசியில் இருப்பது ஏஜென்ட்டின் எண். நினைவூட்டலும் ஓடிபியும் அவருக்குத்தான் போகும்; அவர் தொழிலை விட்டுவிட்டால் எவருக்கும் போகாது. பணத்தை ஏஜென்ட்டின் சொந்தக் கணக்குக்கு அனுப்பாதீர்கள், நிறுவனத்தின் பெயரிலேயே கட்டுங்கள். பாலிசி கைக்கு வந்ததும் அதில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பாருங்கள். போலி பாலிசி போலீஸ் நிறுத்தும்போது தப்பித்துவிடலாம், விபத்தில் தப்பாது.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். ஐஆர்டிஏஐயின் 155255 எண்ணிலும் புகார் பதியலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை. மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இதன் வழியே ஒரு கோரிக்கை. புதுப்பித்தல் நோட்டீஸில் ஆட்-ஆன் விளம்பரத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதில் நான்கு வரி எடுத்து, உரிமையாளரின் ஓட்டுநர் உரிமம் முடியும் தேதி, இப்போதைய போனஸ் சதவீதம், ஒரு க்ளெய்ம் செய்தால் அடுத்த ஆண்டு கட்ட வேண்டிய தொகை, நாமினி பெயர் ஆகியவற்றைத் தமிழில், கண்ணாடி போட்டவர் படிக்கும் அளவில் அச்சிடுங்கள். இவற்றில் உரிமத் தேதியைத் தவிர மற்றவை உங்கள் கணினியிலேயே இருக்கின்றன. அந்தத் தேதியையும் ஒருமுறை கேட்டுப் பதிந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
மோட்டார் காப்பீட்டு க்ளெய்ம் பிரிவில் பணிபுரிவோர் சிலர்